ஒரு பாதமும் பல படங்களும்

நோவு என்பது வேண்டாத விருந்தாளி என்றே எல்லோரும் எண்ணுவர். ஆயினும் உடலைக் காக்கும் காவலாளருள் நோவைப் போல உறக்கமின்றிப் பணிபுரிவார் வேறெவரும் இலர். காலில் முள் தைத்த கணமே நோவு கூவி எழுப்புகின்றது. செருப்பு உராய்ந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகின்றது. சுளுக்கிய பாதத்தை ஊன்றாதே என்று தடுக்கின்றது. நீரிழிவு, சலரோகம், சீனி வருத்தம் என்றெல்லாம் வழங்கும் நோய் நெடுங்காலம் கட்டுக்கடங்காது நிற்குமாயின், பாதத்து நரம்புகள் பழுதுற்று இந்தக் காவலாளி மெல்ல மெல்ல வாயடங்கி விடுகின்றான். பின்னர் அந்தப் பாதத்தில் ஆணி ஏறினாலும் அதற்குரியவர் அறியார். உள்ளே எலும்பு முறிந்தாலும் அதன்மேலேயே நடந்து திரிவர்.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024 ஆம் ஆண்டில் உலகில் 20 வயது முதல் 79 வயது வரையுள்ளோருள் ஏறத்தாழ 58 கோடியே 90 இலட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்ந்தனர். இந்நோயுடையோரில் நூற்றுக்கு 19 முதல் 34 பேர் வரை வாழ்நாளில் ஒரு முறையாவது பாதப்புண்ணுக்கு ஆளாகக்கூடும் என்று வைத்திய ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். அப்புண்களுள் ஏறத்தாழ அரைவாசியில் கிருமித் தொற்று ஏற்படுகின்றது. நீரிழிவினாற் காலை இழப்போருள் மிகப் பெரும்பாலோர்க்கு அந்த இழப்பின் தொடக்கம் ஒரு சிறு புண்ணே. ஆகவே, புண் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது, எலும்பைத் தொட்டுவிட்டதா, தொட்டதாயின் எந்த எலும்பை, எவ்வளவு தூரம் என்னும் கேள்விகள் வெறும் ஆராய்ச்சிக் கேள்விகள் அல்ல. ஒருவர் தம் காலுடன் வீடு திரும்புவாரா, அது இன்றித் திரும்புவாரா என்பதை இவற்றிற்குக் கிடைக்கும் விடைகளே தீர்மானிக்கின்றன.

இந்த விடைகளைத் தேடும் வழியில் வைத்தியர்களை மிகவும் மயக்கும் ஒரு நிலை உண்டு. நீரிழிவுடைய ஒருவர் சிவந்து, வீங்கி, தொட்டாற் சுடுகின்ற பாதத்துடன் வருகின்றார். இது எலும்பிற் புகுந்த கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றி, கிருமியே இல்லாத பிறிதொரு நோயாகவும் இருக்கலாம். உணர்விழந்த பாதத்தின் எலும்புகளும் மூட்டுகளும் சிறு சிறு காயங்களாற் சிதைந்து, வீங்கி, நாளடைவில் வளைவு நீங்கிப் பாதம் தோணியின் அடிபோலத் தொய்ந்துபோகும் நோய் அது. பாரிஸ் நகரின் சல்பெற்றியேர் வைத்தியசாலையிற் பணிபுரிந்த ஷார்க்கோ என்னும் நரம்பியல் வைத்தியர், முண்ணாணைத் தாக்கும் வேறொரு நோயுடையோரிடம் இத்தகைய மூட்டுச் சிதைவைக் கண்டு 1868 இல் விவரித்தார். நீரிழிவும் இதற்குக் காரணமாகும் என்பதை 1936 இல் அமெரிக்க வைத்தியர் ஜோர்டன் எடுத்துக்காட்டினார். இன்றும் அது ஷார்க்கோ பாதம் என்றே பெயர் பெறுகின்றது.

இரண்டு நோய்களும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். பரிகாரத்திலோ எதிரெதிர்த் திசையினர். எலும்பிற் கிருமி புகுந்திருப்பின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், சில வேளைகளிற் சத்திரசிகிச்சையும் வேண்டும். ஷார்க்கோ பாதமாயின் கத்தியும் வேண்டா, அம்மருந்தும் வேண்டா; பிளாஸ்ரர் எனப்படும் சாந்துக்கட்டினாற் பாதத்தை அசையாது நிறுத்தி, பாரம் தாங்காது காப்பதே தலையாய வைத்தியம். முன்னதைப் பின்னதென்று மயங்கினால், கட்டுக்குள்ளேயே கிருமி வளர்ந்து காலை விழுங்கும். பின்னதை முன்னதென்று மயங்கினால், குற்றமற்ற எலும்பு வெட்டி எறியப்படும். இந்த மயக்கத்தைத் தீர்ப்பதற்கே உடலின் உள்ளே காட்டும் படங்கள் துணைபுரிகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கே நன்கு விடை சொல்லும் என்பதும், பலவற்றையும் இணைத்துப் பார்க்குமிடத்தே உண்மை துலங்கும் என்பதும் இன்றைய வைத்திய உலகம் கற்றுக்கொண்ட பாடம்.

படங்களுக்கு முன்னே வைத்தியரின் கண்ணும் கையும் வருகின்றன. முனை மழுங்கிய ஓர் உருக்குக் கம்பியை நோயாளரின் புண்ணினுள் மெல்லச் செலுத்திப் பார்ப்பர். அது கல்லிற் பட்டதுபோல வன்மையான எலும்பிலே தட்டுமாயின், தொற்று எலும்பை எட்டியிருக்கலாம் என்னும் ஐயம் வலுப்பெறும். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சோதனைகள் அடுத்து வரும். அவற்றுடன் எக்ஸ் கதிர்ப் படமும் எடுக்கப்படும். பாதப்புண்ணைப் பற்றிச் சர்வதேச நிபுணர் குழு 2023 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த மூன்றையுமே முதற்படியாக விதித்திருக்கின்றது.

ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரை 1895 நவம்பர் மாதத்திற் கண்டார். அடுத்த மாதமே தம் மனைவியாரின் கையெலும்புகளை மோதிரத்தோடு படமாக்கினார். அன்று தொட்டு எலும்பைக் காண்பதற்கு அதனிலும் எளிதும் மலிவுமான வழி தோன்றவில்லை. முறிவையும், மூட்டு விலகலையும், உள்ளே தங்கிய இரும்புத் துண்டையும் அது உடனே காட்டும். ஆயினும் எலும்பின் சுண்ணச் சத்தில் நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை கரைந்த பின்னரே தொற்றின் அரிப்பு அதிலே தென்படும். அதற்கு இரண்டு மூன்று கிழமைகள் செல்லலாம். முதற் கிழமையில் எடுத்த படம் தெளிவாக இருக்கின்றது என்பதைக் கொண்டு எலும்பு தப்பியது என்று துணிதல் ஆகாது.

எக்ஸ் கதிர் எட்டாத இடத்தை எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படம் எட்டுகின்றது. அதன் வளர்ச்சிக்கு அடிகோலிய லோட்டர்பர், மான்ஸ்ஃபீல்ட் ஆகிய இருவரும் 2003 இல் நோபல் பரிசு பெற்றனர். உடலில் உள்ள நீரில் ஐதரசன் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. வலிய காந்தப் புலத்தில் அவை ஒழுங்குபட்டு நிற்க, வானொலி அலைகளால் அவற்றைத் தூண்டி, அவை திரும்ப எழுப்பும் மெல்லிய குறிகளைக் கேட்டே அப்பொறி படம் வரைகின்றது. வீட்டுக்கு வீடு பேச்சையும் இசையையும் சுமந்து வரும் அலைகளின் இனத்தைச் சேர்ந்தனவே அவ்வலைகளும். இதில் எக்ஸ் கதிர் இல்லை. எலும்பின் உள்ளிருக்கும் மச்சையில் நீர் கோத்தாலும், தசைகளிடையே சீழ் கட்டினாலும் இப்படம் மிக விரைவிற் காட்டிவிடும். மச்சை சீராக இருப்பின், எலும்பிலே தொற்று இல்லை என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் மச்சையில் நீர் கோத்தல் கிருமியாலும் நிகழும், ஷார்க்கோ நோயாலும் நிகழும். வீக்கத்தைக் கண்ட காந்தப் படம், அதன் காரணத்தைச் சொல்லத் தயங்குகின்றது.

ஆயினும் இடம் பார்த்து ஓரளவு துணியலாம். கிருமி புண்ணின் வழியே அடுத்துள்ள எலும்புக்குட் புகுவது வழக்கம். ஆதலின் விரல்களிலும், விரல்களின் அடியெலும்புத் தலைகளிலும், குதிக்காலிலும் அது மிகுதியாகக் காணப்படும். ஷார்க்கோ நோயோ பெரும்பாலும் பாதத்தின் நடுப்பகுதி மூட்டுகளைப் பற்றும். ஆயின், நடுப்பாதம் தொய்ந்து அங்கேயே புண்ணும் உண்டாகிவிட்டால் இந்த அடையாளமும் பயன்படாது போகின்றது.

அவ்வேளையிற் கைகொடுப்பவை அணுக்கதிர்ப் படங்கள். இவற்றின் அடிப்படை எளிது. கதிர் வீசும் பொருள் ஒன்றைச் சிறிதளவு உடலினுட் செலுத்தி, அது எங்கே சென்று தங்குகின்றது என்பதை வெளியிலிருந்து பார்ப்பதே முறை. நோயாளரின் இரத்தத்தில் ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் எடுத்து, அதிலுள்ள வெண்குருதிக் கலங்களைப் பிரித்து, தெக்னீசியம் என்னும் மூலகத்தை அவற்றிற் பற்றச்செய்து, மீண்டும் அவருக்கே ஊசிவழி ஏற்றுவர். வெண்குருதிக் கலங்கள் உடலின் போர்வீரர் அல்லரோ? பகைவன் இருக்கும் இடத்தை நோக்கி அவர் விரைவர். கதிர் வீசும் விளக்கைக் கையிலேந்திச் செல்லும் அவ்வீரர் எங்கே கூடுகின்றனர் என்பதைக் கருவி கண்டுகொள்ளும். தெக்னீசியத்தின் கதிர் வீச்சு 6 மணித்தியாலத்திற் பாதியாகக் குறைந்துவிடுவதால் உடலில் நெடுநாள் தங்குவதில்லை.

இதிலும் ஒரு மயக்கம் நேரலாம். முதிர்ந்தோர் பாதத்து மச்சை பெரும்பாலும் வெறும் கொழுப்பாகவே இருக்கும். ஷார்க்கோ நோய் பற்றிய இடத்திலோ அது சில வேளைகளில் விழித்தெழுந்து, மறுபடியும் இரத்தம் உண்டாக்கும் மச்சையாக மாறுவதுண்டு. அத்தகைய மச்சையிலும் வெண்குருதிக் கலங்கள் சென்று தங்கும். பகை இல்லாத இடத்திலும் படை கூடியதுபோலத் தோன்றும். இதைத் தீர்க்க வைத்தியர் இன்னொரு படம் எடுக்கின்றனர். கந்தகக் கூழ்மம் ஒன்றிலே தெக்னீசியத்தைச் சேர்த்து ஏற்றினால், அது உயிர்ப்புள்ள மச்சையிலே சென்று தங்கும். கிருமி அழித்த இடத்திலே தங்காது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே இடம் ஒளிர்ந்தால் அது மச்சையின் செயல். கிருமியின் செயல் அன்று. முதற் படத்தில் ஒளிர்ந்த இடம் இரண்டாம் படத்தில் இருண்டிருந்தால் அங்கே கிருமி குடியிருக்கின்றது என்பது தெளிவு. தனித்து நின்றால் மயக்கும் இரு சாட்சிகள், ஒருவரை ஒருவர் திருத்தி உண்மையைத் தருகின்றனர்.

இனி வேறொரு குறை. அணுக்கதிர்ப் படத்தில் ஒளி தெரியும், ஊர் தெரியாது. கருமையான வெளியிலே ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றுமேயன்றி, அது எலும்பிலா, எலும்பை மூடிய தசையிலா, எந்த விரலிலா என்பது தெரிவதில்லை. பாதத்திலோ 26 எலும்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. அரை அங்குலம் தவறினால் அயல் எலும்புக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். இங்கேதான் படங்களை இணைக்கும் கலை தேவைப்பட்டது.

நில அளவையாளர் ஒருவர் காணியின் எல்லைகளை ஒரு தாளிலும், அங்குள்ள நீரோட்டத்தை வேறொரு மெல்லிய தாளிலும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எந்தக் காணியில் எங்கே கிணறு வெட்டலாம் என்பது ஒரே பார்வையிற் புலப்படும். இரண்டு தாள்களும் ஒரே அளவில், ஒரே திசையில் வரையப்பட்டிருத்தல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வைத்தியப் படங்களுக்கும் இதுவே விதி. எல்லைகளைத் திருத்தமாக வரையும் தாளாக அமைவது சீ.ரி. படம். இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த அந்தப் பொறி, 1971 ஒக்டோபர் முதலாந் தேதி விம்பிள்டனில் உள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளரின் தலையைப் படம் பிடித்தது. எக்ஸ் கதிரைச் சுற்றிலுமிருந்து செலுத்தி, கணிப்பொறியின் துணையால் உடலை ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டுவது அதன் தொழில்.

முதலில் இருவேறு பொறிகளில் இருவேறு வேளைகளில் எடுத்த படங்களைக் கணிப்பொறியிற் பொருத்திப் பார்த்தனர். தலையைப் பொறுத்தவரை இது கூடியதே, மண்டையோடு வளைவதில்லை. பாதமோ கணுக்காலிலும் விரல்களிலும் வளைந்து திரும்பும் உறுப்பு. காலையில் ஒரு பொறியில் நீட்டிய விரல், மாலையில் மற்றப் பொறியிற் சிறிது மடங்கியிருந்தால் இரண்டு தாள்களும் பொருந்தா. ஆகவே ஒரே படுக்கையில், நோயாளர் அசையாது கிடக்கையிலேயே இரண்டு படங்களையும் அடுத்தடுத்து எடுக்கும் இணைபொறிகள் தோன்றின. அணுக்கதிர்க் கருவியையும் சீ.ரி. பொறியையும் இணைக்கும் முயற்சிக்குக் கலிபோர்னியாவின் ஹசெகாவா முன்னோடியானார். பெற் எனப்படும் பொசித்திரன் படத்தையும் சீ.ரி. படத்தையும் இணைக்கும் பொறியை டவுன்செண்ட், நட் ஆகியோர் உருவாக்க, அதன் முன்மாதிரி 1998 இல் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பணிக்கு வந்தது.

பெற் படத்திற் பயன்படுவது கதிர் வீசும் புளோரின் சேர்ந்த ஒருவகைக் குளுக்கோசு. கிருமியோடு போராடும் கலங்கள் பசியோடு சர்க்கரையை உண்பனவாதலின், போர் நிகழும் இடம் படத்திற் பிரகாசிக்கும். ஷார்க்கோ நோயில் அவ்வொளி பொதுவாக மங்கலாகப் பரந்து நிற்கும். எலும்புத் தொற்றில் ஓரிடத்திலே செறிந்து நிற்கும். ஒளி செறிந்த அந்த இடம் இன்ன எலும்பின் இன்ன முனை என்பதைச் சீ.ரி. படம் அதே வேளையிற் சொல்லிவிடும். சர்க்கரையை வைத்து நோயைத் தேடுவதால், நீரிழிவாளரின் இரத்தச் சர்க்கரை அன்று அடங்கியிருத்தல் நன்று.

ஒரு நோயாளரை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் தெளிவாகும். ஐம்பத்தைந்து வயதான ஒரு கமக்காரர் என்று கொள்வோம். பெருவிரலின் அடியில் இரண்டு மாதமாக ஆறாத புண். நடுப்பாதத்தில் வீக்கமும் சூடும். காந்தப் படம் எடுத்தால் முன்பாதத்திலும் நடுப்பாதத்திலும் மச்சை நீர் கோத்து நிற்கின்றது. இப்படம் ஒன்றையே நம்பினால், பாதத்தின் பாதியைத் தொற்று விழுங்கிவிட்டது என்று எண்ண நேரும். கணுக்காலுக்கு மேலே வெட்டுவதைப் பற்றியும் பேச்செழக்கூடும். பின்னர் வெண்குருதிக் கலப் படமும் மச்சைப் படமும் சீ.ரி. படத்தோடு இணைத்து எடுக்கப்படுகின்றன. நடுப்பாதத்தில் இரண்டும் ஒத்து ஒளிர்கின்றன; ஆகவே அங்கே இருப்பது ஷார்க்கோ நோய். பெருவிரலின் அடியெலும்புத் தலையில் மட்டும் முன்னது ஒளிர்ந்து பின்னது இருண்டிருக்கின்றது. ஆகவே கிருமி அந்தச் சிறு முனையில் மட்டுமே உள்ளது. இனிச் சத்திரவைத்தியர் அகற்ற வேண்டியது ஒரு சிறு எலும்புத் துண்டு. நடுப்பாதத்துக்கு வேண்டியது ஓய்வும், தொற்று அடங்கிய பின் சாந்துக்கட்டும். வெட்டப்பட இருந்த கால், வயல்வரம்பில் மீண்டும் நடக்கும் கால் ஆகின்றது.

எனினும் கிருமியின் எல்லையை அறிந்தது மட்டும் போதாது. இரத்தம் பாயாத பாதத்தில் எந்தப் புண்ணும் ஆறாது. நீரிழிவாளரின் முழங்காலுக்குக் கீழுள்ள நாடிகள் ஒடுங்குவதும், அவற்றின் சுவரிலே சுண்ணம் படிவதும் பெருவழக்கு. சுண்ணம் படிந்த நாடி அமுக்கத்துக்கு இணங்காமையால், கணுக்காலில் எடுக்கும் இரத்த அமுக்கம் பொய்யாக உயர்ந்து காட்டும். கால்விரலில் எடுக்கும் அமுக்கமே நம்பத்தக்கது. கேளா ஒலிப் படத்தால் இரத்தத்தின் ஓட்டத்தையும் வேகத்தையும் அறியலாம். நாடியினுட் சாயம் செலுத்தி எடுக்கும் படங்களால் அடைப்பு எங்கே என்று காணலாம். ஆனால் சீ.ரி. நாடிப்படத்தில் அந்தச் சுண்ணமே பளிச்சிட்டு உள்வழியை மறைப்பதுண்டு. ஆகவே இரத்த ஓட்டப் படத்தையும் தொற்றுப் படத்தையும் சேர்த்து வைத்தே வைத்தியர் குழு முடிவு செய்கின்றது. ஓட்டம் குன்றியிருப்பின் அடைப்பைத் திறந்து ஓட்டத்தைச் சீராக்குவதைத் தாமதியாது செய்தல் வேண்டும். சீழ் பெருகி உயிருக்கு ஆபத்து நேரும் வேளையிலோ அதைத் திறந்து வடிப்பதே முந்தும். எது முன், எது பின் என்னும் ஒழுங்கு தவறினால், வெட்டிய இடமும் ஆறாமல் மேலும் மேலும் வெட்ட நேரும்.

இவ்வளவு சிறப்புக் கூறியதைக் கொண்டு, பாதப்புண் உள்ள ஒவ்வொருவருக்கும் எல்லாப் படங்களும் வேண்டும் என்று எவரும் கருதிவிடலாகாது. பலருக்கு உருக்குக் கம்பியும், இரத்தச் சோதனையும், எக்ஸ் கதிர்ப் படமுமே போதிய விடையைத் தரும். ஐயம் எஞ்சியபோது காந்தப் படம். அது இயலாதபோதும் அதிலும் ஐயம் தீராதபோதும் அணுக்கதிர் இணைபடம். இணைபொறிகள் பெருஞ் செலவின. கதிர் வீசும் பொருள்களை அவ்வப்போது ஆக்கிக் காலம் தாழ்த்தாது பயன்படுத்த வேண்டும். பெற் படத்துக்குரிய புளோரின் ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். நாடிகளைக் காட்டும் அயடின் சாயம் பழுதுற்ற சிறுநீரகத்துக்கு ஊறு செய்யக்கூடும். நீரிழிவாளர் பலரின் சிறுநீரகமோ முன்னமே களைத்திருக்கும். மேலும், எந்தக் கிருமி என்பதை எந்தப் படமும் சொல்லாது. எலும்பில் ஒரு சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்தாலே அது தெரியும். எந்த இடத்தில் அந்தத் துணுக்கை எடுப்பது என்பதற்கு இணைபடம் வழிகாட்டும். எலும்பை அகற்றாது மருந்தினால் மட்டும் வைத்தியம் செய்வதாயின், ஆறு கிழமை மருந்து கொடுத்தல் இன்றைய வழக்கம்.

நுட்பமான பொறிகள் உண்மையைக் காட்டிய பின், பாதத்தைக் காப்பது பெரும்பாலும் மிகப் பழைய எளிய வைத்தியமே என்பது சிந்திக்கத்தக்கது. பாதத்தோடு ஒட்டி அமையும் சாந்துக்கட்டு முதன்முதலிற் பயன்பட்டது நீரிழிவாளருக்கன்று. உணர்விழந்த பாதங்களோடு துன்புற்ற தொழுநோயாளருக்கே. இந்தியாவிலும் இலங்கையிலும் அம்முறை கையாளப்பட்டது. இலங்கையிற் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்றோய் போல் அதன் முன்னோடிகளுள் ஒருவர். வேலூரில் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய போல் பிராண்ட், 1966 இல் அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலைக்குச் சென்றபோது அந்த அறிவையும் உடன் கொண்டு சென்றார். பாதத்தைக் கெடுப்பது உணர்விழந்த இடத்தில் ஓயாது விழும் அழுத்தமே என்று அவர் கற்பித்தார். வறியவரின் நோயிற் பிறந்த வைத்தியம் இன்று உலகெங்கும் நீரிழிவாளரின் காலைக் காக்கின்றது.

படங்களையெல்லாம் விட மலிவான படம் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இரவு படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீரிழிவாளர் பார்த்துக்கொள்ளலாம். கண் மங்கியோருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துச் சொல்லலாம். செருப்பை மாட்டுமுன் அதனுள்ளே கைவிட்டுப் பார்த்தலும், சுடுமணலிலும் கோயில் வீதியிலும் வெறுங்காலோடு நடவாதிருத்தலும், ஒரு பாதம் மற்றதிலும் சூடாகவோ வீக்கமாகவோ இருப்பின் நோவில்லை என்று வாளாவிராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதலும் கடமையாகும். காவலாளி வாயடங்கிய வீட்டில், காவல் வீட்டுக்காரரின் கண்ணுக்கு உரியதாகின்றது. அக்கண் விழித்திருக்குமாயின், எந்தப் பொறியும் தேவைப்படாமலே பல பாதங்கள் தப்பும்.